பல வருடங்களுக்குப் பிறகு ரேசிங் சைக்கிளில் ஏறுபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒருவரிடம் “சைக்கிள் ஓடத் தெரியுமா?” என்று கேட்டால் கோபம்தான் வரும். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, சந்தை, இடப்பெயர்வு எல்லாமே சைக்கிளில்தான் நடந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோ கேட்ட ஊர் இது. பிறகு பாதை திறந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, பழைய ரலியும் லுமாலாவும் கோடிப்புறத்துக்குப் போய்விட்டன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் அவற்றைத் துடைத்து எடுத்தவர்களில் சிலர் அதோடு விடவில்லை. இன்னும் சிலருக்கு, சீனி கூடிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று டொக்டர் சொல்லியிருப்பார். சிலருக்கு கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்த உறவினர் தன் சைக்கிளை விட்டுவிட்டுப் போயிருப்பார். எப்படியோ மெல்லிய சில்லும் வளைந்த ஹாண்டிலும் உள்ள ஒரு சைக்கிள் இப்போது உங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கிறது.

உடம்புக்குச் சமநிலை மறக்காது. ஏறி ஒரு நிமிடத்தில் ஓடிவிடுவீர்கள். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓடும் 28 இஞ்சிச் சைக்கிள் நமக்குப் பழக்கிய சில பழக்கங்கள் இருக்கின்றன. சீற்றைத் தாழ்த்தி வைப்பது, பின் பிரேக்கை மட்டும் பிடிப்பது, மெதுவாக அழுத்தி அழுத்தி உழக்குவது, வீதியின் விளிம்போடு ஒட்டிப் போவது. இந்த நான்கும் ரேசிங் சைக்கிளில் நோவையோ ஆபத்தையோ கொண்டுவரும். அதனால் முதல் மாதம் இதைப் புதிதாகப் பழகும் வாகனமாகவே நினையுங்கள்.

சைக்கிளைத் தெரிவு செய்தல்

வாங்கப் போகிறீர்கள் என்றால் போட்டிக்கென்று செய்த, ஹாண்டில் மிகத் தாழ்ந்த வகையை விடுங்கள். நீண்ட தூரம் வசதியாக ஓடுவதற்கென்று எண்டியூரன்ஸ் என்ற வகை இருக்கிறது. ஹாண்டில் சற்று உயர்ந்தும் கிட்டவும் இருக்கும், 32 மில்லிமீற்றர் ரயர் வரை இடம் கொடுக்கும். அலுமினிய ஃபிரேமும், காபனில் செய்த போக்கும் (முன் சில்லைப் பிடிக்கும் கவை) இருந்தால் தாராளம். பற்றரியில் வேலை செய்யும் எலக்ட்ரோனிக் கியர் நல்லதுதான், ஆனால் பழுதானால் இங்கே கைகொடுக்க ஆள் குறைவு. கேபிள் கியரே நமக்குப் பொருத்தம்.

அளவு பிழையான சைக்கிள் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். குறுக்குப் பாரின் மேலே இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றால் இடையில் ஓரிரு இஞ்சியாவது இடைவெளி இருக்க வேண்டும். சீற்றில் இருந்து கைகளைப் பிரேக் பிடியின் மேல் வைத்தால் முழங்கை இலேசாக மடங்கியிருக்க வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் ஹாண்டிலைத் தாங்கும் கழுத்துத் துண்டைக் குட்டையானதாக மாற்றலாம். அதற்கு மேலும் எட்டவில்லை என்றால் அது உங்கள் சைக்கிள் இல்லை.

பாவித்த காபன் சைக்கிள் என்றால் பகல் வெளிச்சத்தில் ஃபிரேம் முழுவதையும் நகத்தால் தடவிப் பாருங்கள். போக் கழுத்து, மிதி அச்சைச் சுற்றிய இடம், சீற் கம்பி பிடிக்கும் இடம் ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் ஓட வேண்டாம்.

எந்தக் கையில் எந்தப் பிரேக்

ஏறுவதற்கு முன் இதைப் பாருங்கள். நம்முடைய சைக்கிள்களில் வலக்கை முன் பிரேக். மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இதே ஒழுங்கு. ஆனால் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், கனடா போன்ற நாடுகளிலிருந்து வரும் சைக்கிளில் பெரும்பாலும் இடக்கைதான் முன் பிரேக். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கையை மட்டும் அழுத்திப் பாருங்கள், எந்தச் சில்லு நிற்கிறது என்று உடனே தெரியும்.

மாறியிருந்தால் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். “பழகிவிடும்” என்று விட்டுவிடாதீர்கள். ஒழுங்கையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று வெளியே வரும் நேரத்தில் கை யோசிக்காது, பழகியதைத்தான் செய்யும். கேபிள் பிரேக் என்றால் மாற்றுவது சின்ன வேலை. ஹைட்ரோலிக் என்றால் குழாயைக் கழற்றி, எண்ணெய் விட்டு, உள்ளே நின்ற காற்றை எடுக்க வேண்டும். அதைச் செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஒயில், ஸ்ராம் நிறுவனத்தின் ரேசிங் பிரேக்குக்கு மோட்டார் வாகனங்களில் ஊற்றும் டொட் வகை. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். மோட்டார் சைக்கிள் கராஜில் டொட் எண்ணெய்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கவனம்.

சரி, கை ஒழுங்காகிவிட்டது. அடுத்தது சின்ன வயதில் பெரியவர்கள் சொன்ன ஒன்று: “முன் பிரேக் பிடிக்காதை, குப்புற விழுவாய்.” கம்பி பிரேக்கும் நனைந்த இரும்பு றிம்மும் இருந்த காலத்தில் அந்தப் புத்திமதியால் பெரிய நட்டம் இல்லை. டிஸ்க் பிரேக் சைக்கிள் 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சில்லு வழுக்கும், தூரம் போதாது. நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி முன் சில்லிலிருந்துதான் வருகிறது. ஆட்கள் இல்லாத ஒரு மைதானத்தில் அல்லது கோயில் வெளிவீதியில் பழகுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒரு விரலால், அதிகபட்சம் இரண்டு விரலால், சேர்த்து மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். அதே நேரம் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கைகளை நேராக ஊன்றுங்கள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. புதிய டிஸ்க் என்றால் இப்படி ஓர் இருபது தடவை வேகம் குறைத்த பிறகுதான் அது முழுப் பிடிப்புக்கு வரும். ஒரே வேலையில் சைக்கிளும் பழகும், நீங்களும் பழகுவீர்கள்.

சீற் உயரம்

நம் பழைய சைக்கிளில் சீற்றில் இருந்தபடியே இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றுவோம். சந்தியில் நின்றால் இறங்கத் தேவையில்லை. ரேசிங் சைக்கிளிலும் அப்படி வேண்டும் என்று சீற்றை இறக்குபவர்கள் சில வாரத்தில் முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்று ஓட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து திரும்பி வந்தவர்கள் கைவிடுவதற்கு இதுதான் பெரிய காரணம். அவ்வளவு சின்னத் திருத்தத்துக்காக ஒரு நல்ல பழக்கம் போவது கவலையாக இருக்கிறது.

அளப்பது சுலபம். சைக்கிளைச் சுவரோடு சாய்த்து ஏறி இருங்கள். மிதியைக் கீழே விட்டு, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும், இடுப்பு சரியக்கூடாது. அதுதான் உயரம். ஓடும்போது குதிக்காலுக்குப் பதிலாகப் பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைப்பீர்கள், அப்போது முழங்கால் தேவையான அளவு மடங்கும். சீற் கம்பியில் ஆகக் குறைந்த அளவு என்று ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு இழுக்க வேண்டாம்.

அப்படி வைத்தால் சீற்றில் இருந்தபடி நிலத்தில் விரல் நுனி மட்டுமே முட்டும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். நிற்பதற்கு முன்பே சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி, இடக்காலை வீதி ஓரப்பக்கம் ஊன்றுங்கள். புறப்படும்போது வலது மிதியை மேலே முன்பக்கமாக வைத்து, அதை அழுத்தி எழுந்து, சைக்கிள் நகர்ந்த பிறகு சீற்றில் இருங்கள். ஒரு பின்னேரம் முற்றத்தில் பழகினால் போதும்.

பிறகு நோவு வந்தால் உடம்பே இடத்தைச் சொல்லும். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் தாழ்வு, பின்பக்கம் நொந்தால் உயரம். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீற்றருக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றிவிட்டு இரண்டு மூன்று ஓட்டம் பாருங்கள். உள்ளங்கை விறைத்தால் சீற்றின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் உடல் பாரம் முழுவதும் கைக்குப் போய்விடும். பெண்களுக்கு, பழைய லேடீஸ் சைக்கிளில் இருந்த அகலமான சீற்றை இதில் தேட வேண்டாம். இருக்கும்போது இரு எலும்புகள் படும் அகலத்துக்குத் தக்க, நடுவில் குழி விட்ட சீற் தனியாக வருகிறது. சீற்றை மாற்றுவதற்குத் தயங்கவே கூடாது.

ரயரும் காற்றும்

பஞ்சர் ஒட்டும் ஒரு கடைக்கு இந்தச் சைக்கிளைக் கொண்டுபோனால் நடப்பதைச் சொல்கிறேன். கடைக்காரர் பம்மின் வாயை வால்வில் வைப்பார், பிடிக்காது. மீண்டும் அழுத்திப் பார்ப்பார். “அண்ணை, இது எங்கடை வால் இல்லை” என்பார். உண்மைதான். நம் சைக்கிளில் இருப்பது ரப்பர்க் குழாய் செருகிய பழைய வகை. மோட்டார் சைக்கிளில் இருப்பது தடித்த வகை. ரேசிங் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா என்ற மெல்லிய வகை. அதன் நுனியில் ஒரு குட்டி நட் இருக்கும். அதைத் தளர்த்தி, ஒரு தடவை மெல்லத் தட்டினால் ‘புஸ்’ என்று சத்தம் வரும், அதன் பிறகுதான் காற்று ஏறும். ஒரு சின்னப் பித்தளைச் சுரை விற்கிறார்கள். அதைப் பிரெஸ்டாவின் மேல் திருகிவிட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் எந்தக் குழாயும் பிடிக்கும். இரண்டு வாங்கி, ஒன்றைச் சைக்கிளிலும் ஒன்றைப் பேர்ஸிலும் வையுங்கள். கம்பிரசரில் அடிக்கும்போது விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். இந்த ரியூப் சிறியது, ஒரே மூச்சில் அடித்தால் வெடித்துவிடும். வீட்டில் அளவு காட்டும் நிலப் பம் ஒன்று இருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை.

அடுத்த குழப்பம் அளவு. “28 இஞ்சிதானே” என்று கடையில் ரயரை எடுத்துத் தருவார்கள். நம் பழைய 28 இஞ்சி றிம்மில் ரயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர். ரேசிங் சைக்கிளில் அது 622. பெயர் ஒன்றுபோல் கேட்டாலும் ஒன்றுக்கு மற்றது பூட்டவே பூட்டாது. ரயரின் பக்கத்தில் 28-622 அல்லது 32-622 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். அந்த 622ஐப் பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் கடைசியாகக் கண்ட ரேசிங் சைக்கிளில் 23 மில்லிமீற்றர் ரயரும் 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்றும் இருந்திருக்கும். இறுக்கமாக இருந்தால்தான் வேகம் என்று அப்போது நம்பினார்கள். இப்போது போட்டிக்காரர்களே 28, 30 என்று அகலமாகப் போட்டு, குறைந்த காற்றில் ஓடுகிறார்கள். சொரசொரப்பான வீதியில் இறுகிய ரயர் துள்ளித் துள்ளிப் போவதில் சக்தி வீணாகிறது என்பது காரணம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீற்றர் ரயரில் 65 முதல் 75 பிஎஸ்ஐ, 32இல் 50 முதல் 60 பிஎஸ்ஐ போதும். முன் சில்லுக்குக் கொஞ்சம் குறைவாக விடுங்கள். ரயரிலும் றிம்மிலும் ஆகக் கூடிய அளவு எழுதியிருக்கும். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம். என் கருத்தில் யாழ்ப்பாணத்துக்கு 32தான் சரி.

ரியூப் இல்லாத ரயர்கள் வந்திருக்கின்றன, உள்ளே ஒரு பால் விடுவார்கள், சின்னத் துளையை அதுவே அடைத்துக்கொள்ளும். நல்ல முறைதான். ஆனால் நம் வெக்கையில் அந்தப் பால் சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி விட வேண்டும். தொடங்குபவர்களுக்கு ரியூப்பே போதும். ஒன்று மாற்று ரியூப், இரண்டு ரயர் நெம்பி, சின்னப் பம், ஒட்டுத்துண்டு ஆகியவற்றைச் சீற்றுக்குக் கீழே ஒரு பையில் வையுங்கள். பஞ்சர் ஆனால் புது ரியூப் போட முன் ரயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். நெருஞ்சி முள்ளோ, வேலி வெட்டிய ஒழுங்கையில் கிடந்த முட்கிளுவை முள்ளோ இன்னும் அங்கேதான் இருக்கும். அதை எடுக்காமல் மாற்றினால் அடுத்த சந்திக்குள் திரும்பவும் காற்றுப் போய்விடும்.

ஏற்றமே இல்லாத ஊரில் கியர்

குடாநாட்டில் மலை இல்லை, பிறகு ஏன் இருபதுக்கு மேல் கியர் என்று கேட்பார்கள். நமக்குக் கியர் காற்றுக்காக. எதிர்காற்றில் போகும்போது ஏற்றத்தில் போவதுபோலத்தான் உழக்க வேண்டியிருக்கும்.

பழைய ரேசிங் சைக்கிளில் கியர் தடி கீழே, சாய்ந்த பாரில் இருந்தது. ஒரு கையை விட்டுக் குனிந்து மாற்றுவோம். 1990இல் ஷிமானோ நிறுவனம் கியரையும் பிரேக்கையும் ஒரே பிடியில் சேர்த்தது. இப்போது எல்லாமே அந்த வழிதான். வலக்கை பின் பற்சக்கரங்களுக்கு, இடக்கை முன் சக்கரங்களுக்கு. ஷிமானோ என்றால் பிரேக் பிடியையே உள்பக்கம் தள்ளினால் பின்னால் செயின் பெரிய பல்லுக்கு ஏறும், அதாவது இலகுவாகும். அதன் பின்னால் இருக்கும் சின்னப் பிடியைத் தள்ளினால் பாரமாகும்.

மாற்றும் கணத்தில் மிதியில் அழுத்தத்தைக் குறையுங்கள், ஆனால் காலை நிறுத்த வேண்டாம். சந்தியில் நிற்கப் போகிறீர்கள் என்றால் நிற்பதற்கு முன்பே இலகுவான கியருக்கு வாருங்கள். நின்ற பிறகு மாற்றினால் மாறாது, புறப்படும்போது செயின் ‘கடக்’ என்று இழுபடும். முன்னால் பெரியதும் பின்னால் ஆகப் பெரியதும் என்று செயினைக் குறுக்காக இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

காலுக்கு வர வேண்டிய பெரிய மாற்றம் வேகமாகச் சுழற்றுவது. பழைய சைக்கிளில் நிமிடத்துக்கு ஐம்பது சுற்று என்ற அளவில் அழுத்தி உழக்குவோம். இதில் எண்பது, தொண்ணூறு சுற்று, பாரம் குறைவாக. 50 பல் முன்சக்கரமும் 21 பல் பின்சக்கரமும் 85 சுற்றும் என்றால் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வந்துவிடும், அதற்கு மேல் தொடக்கத்தில் தேவையும் இல்லை. முதல் வாரம் கால் தறிகெட்டுச் சுற்றுவதுபோல் இருக்கும். இரண்டாம் வாரம் முழங்கால் உங்களுக்கு நன்றி சொல்லும்.

முதல் இரண்டு மாதம்

சீனி, பிரசர், இதய வருத்தம் ஏதாவது இருந்தால், இல்லாவிட்டாலும் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தால், தொடங்குவதற்கு முன் கிளினிக்கில் ஒருதரம் காட்டுங்கள். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் வெறுவயிற்றில் போகவே கூடாது, சட்டைப் பையில் இனிப்பு ஏதாவது இருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ வந்தால் இறங்கி உட்காருங்கள். “இன்னும் கொஞ்சம்தானே” என்று உழக்க வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம், இடையில் ஒருநாள் ஓய்வு. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைக்க முடியும் அளவு வேகம். ஒவ்வொரு வாரமும் ஒரே ஓர் ஓட்டத்தை மட்டும் பத்து நிமிடம் போல் நீட்டுங்கள். மாத முடிவில் ஒரு மணி நேரமும், இரண்டாம் மாத முடிவில் 40 கிலோமீற்றரும் சிரமமில்லாமல் வரும். நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். போய் வருவதை மூன்றாம் மாதத்துக்கு வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மலைநாட்டில் ஓடுபவர் ஏற்றத்தில் எழுந்து நிற்பார், இறக்கத்தில் கால் ஓய்வார். இங்கே இரண்டும் இல்லை, இருந்த இருப்பில் ஒரே மாதிரி உழக்கிக்கொண்டே இருப்போம். அதனால்தான் சீற் நோவும் விறைப்பும் சம தரையில் அதிகமாக வருகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருதரம், ஒரு பாரமான கியருக்கு மாற்றி, எழுந்து நின்று பத்துப் பதினைந்து சுற்று உழக்குங்கள். கைகளையும் பிரேக் பிடியின் மேல், நேர் பாரில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். கீழ் வளைவை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சப்பாத்தை மிதியில் பூட்டும் முறை பிறகு. முதல் மாதங்களில் சாதாரணத் தட்டை மிதியும் அடி கடினமான சப்பாத்தும் போதும். இந்தச் சைக்கிளுக்குச் செயின் கவர் கிடையாது, வலது காற்சட்டைக் காலை மடித்துக் கட்டுங்கள். பஞ்சு வைத்த காற்சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு ஊருக்குள் போகக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு தொளதொளத்த காற்சட்டையைப் போடுங்கள். ஆனால் பஞ்சுக் காற்சட்டை வேண்டும், அதை உள்ளாடை இல்லாமல் போட வேண்டும், தையல் உரசித்தான் புண் வருகிறது. தலைக்கவசத்தைப் பற்றி விவாதமே வேண்டாம், போடுங்கள். ஒருதரம் அடிபட்டால் வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள்.

காற்றைப் பார்த்துப் பாதை

யாழ்ப்பாணத்தில் ஓடுபவர் எழும்பியதும் முதலில் வெளியே வந்து தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். எதிர்காற்றில் போய், பின்காற்றில் வீட்டுக்கு வர வேண்டும். மாறிப் போனால் போகும்போது நல்ல பலம் வந்துவிட்டதாக நினைத்து நெடுந்தூரம் போய்விடுவோம், திரும்பும்போதுதான் உண்மை தெரியும்.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து வீசும். அந்த மாதங்களில் பண்ணைப் பாலத்தால் அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கம் போங்கள். போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். கார்த்திகைக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி தாண்டி வல்லைப் பக்கம் போங்கள். வல்லை வெளியில் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்பது அங்கே சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அதே காற்று உங்களை நகரம்வரை தள்ளிக்கொண்டு வரும். எந்தக் காலமானாலும் விடியற்காலையில் காற்று குறைவு, வெயில் ஏற ஏற அதுவும் ஏறும்.

பண்ணைப் பாலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இருபக்கமும் கடல்நீர், ஒதுங்க ஒரு மரம் இல்லை, காற்று பக்கவாட்டில் அடிக்கும். நீங்கள் அந்தக் காற்றுக்கு எதிராகச் சற்றுச் சாய்ந்தபடி ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பஸ் உங்களைக் கடக்கும்போது காற்று ஒரு கணம் மறைபடும், சைக்கிள் சாய்ந்த பக்கம் இழுபடும், பஸ் போனதும் மறுபடி தள்ளும். பஸ் வரும் சத்தம் கேட்டால் ஹாண்டிலை இறுக்காமல், இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே நில்லுங்கள். உயரமான பக்கங்கள் உள்ள காபன் றிம்மை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். காற்று இல்லாத விடியலில் அதே பாலம் குடாநாட்டிலேயே ஓட மிகவும் அருமையான இடம். சிறகுவலைக் கம்புகளின் மேல் வரிசையாகக் கொக்கு நிற்கும்.

தொடங்கும் வாரங்களுக்குப் பலாலி வீதியால் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் போய், அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே போகும் உள்வீதிகளில் சுற்றுவது நல்லது. கால் பழகிய பிறகு பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர், அல்லது தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறைக்குக் கடற்கரை வீதி. கண்டி வீதி காபெட் போட்டு வழுவழுப்பாக இருக்கிறது என்று ஆசைப்படுவார்கள். அதிகாலையில்தான் கொழும்பிலிருந்து இரவிரவாக வந்த பஸ்கள் அந்த வீதியால் நகருக்குள் நுழைகின்றன. தூக்கம் விழித்த சாரதிகள், வேகமும் அதிகம். அந்த நேரத்தில் அந்த வீதியை நான் தவிர்க்கச் சொல்வேன்.

வீதியில்

உங்களைப் பார்ப்பவர் சைக்கிளைப் பார்க்கிறார், வேகத்தைப் பார்ப்பதில்லை. சைக்கிள் என்றால் மெதுவாக வரும் என்ற கணக்கில் ஓட்டோவைத் திருப்புவார், ஒழுங்கையால் வெளியே வருவார். நீங்கள் அவர் கணக்குப் போட்டதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வருகிறீர்கள். ஒவ்வொரு ஒழுங்கை வாயையும் நெருங்கும்போது விரல் பிரேக்கில் இருக்க வேண்டும். மணி அடிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

வீதியின் விளிம்பில் மணலும் கண்ணாடித் துண்டும் கிடக்கும், தார் உடைந்து இறங்கியிருக்கும். மெல்லிய ரயர் அந்த விளிம்பில் இறங்கினால் திரும்ப ஏறாது, விழுத்திவிடும். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே ஓடுங்கள். மினிபஸ் முன்னால் நின்றால் இடப்பக்கத்தால் நுழைய வேண்டாம், இறங்குபவர் உங்கள் மேல்தான் இறங்குவார். மணல் ரிப்பர் பின்னால் வந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கத்துப் புகையிரதக் கடவைகளை நீங்கள் பழைய நினைவில் கடக்கக்கூடாது. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. நீங்கள் கடைசியாக நிறையச் சைக்கிள் ஓடிய காலத்தில் அந்த இடங்களில் தண்டவாளமே இருந்திருக்காது. இப்போது இருக்கிறது. தண்டவாளத்துக்குப் பக்கத்து இடுக்கில் 28 மில்லிமீற்றர் ரயர் இறங்கிவிடும். வேகத்தைக் குறைத்து, நேர் குறுக்காகக் கடவுங்கள், நடுவில் பிரேக் பிடிக்காதீர்கள். மழையில் அந்த இரும்பு சவர்க்காரமாக வழுக்கும்.

நாய் துரத்தினால் வேகம் எடுக்க வேண்டாம், நிதானமாக அதட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் இறங்கிச் சைக்கிளை நடுவில் பிடியுங்கள். ஐந்தரைக்குப் புறப்படுபவருக்கு முன்னால் வெள்ளை லைற்றும் பின்னால் சிவப்பு லைற்றும் கட்டாயம். பின் லைற்றைப் பகலிலும் எரியவிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். தீவுப் பக்கம் கிணற்று நீர் பல இடங்களில் உவர், போத்தலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஓர் இதரை வாழைப்பழமோ, ஒரு துண்டுப் பனங்கட்டியோ வாயில் போடுங்கள். விலை கூடிய சக்திப் பசை எதுவும் தேவையில்லை. எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், சித்திரை வைகாசியில் ஏழரைக்குள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடற்காற்று இந்தச் சைக்கிளின் பெரிய எதிரி. பாலங்களால் ஓடிவிட்டு வந்தால் உப்பில்லாத தண்ணீரால் மெல்லக் கழுவி, துணியால் துடையுங்கள், பீச்சியடிக்க வேண்டாம். செயினுக்குத் தேங்காயெண்ணெயும் பழைய என்ஜின் ஒயிலும் வேண்டாம், நம் செம்மண் தூள் அதில் ஒட்டி அரத்தைப்போல் பல்லைத் தேய்த்துவிடும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் கை டிஸ்க்கில் பட்டால் பிரேக் கத்தும், பிடியாது. சில்லைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள், கட்டைகள் ஒட்டிக்கொண்டு சில்லு திரும்ப நுழையாது. மடித்த மட்டை ஒன்றை இடையில் செருகி வையுங்கள். இரும்பு ஃபிரேமில் அலுமினிய சீற் கம்பி இருந்தால் ஆண்டுக்கு ஒருதரம் கழற்றிக் கிரீஸ் பூசுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் இறுகிவிடும். காபன் கம்பிக்குக் கிரீஸ் இல்லை, அதற்கென்று தனிப் பசை.

செயின் தேய்வை அளக்கும் சின்னத் தகடு ஒன்று வாங்குங்கள். பின்னால் 11 அல்லது 12 பற்சக்கரம் உள்ள சைக்கிள் என்றால், 0.5 வீதம் நீண்டதும் செயினை மாற்றுங்கள். பிந்தினால் பற்சக்கரமும் சேர்ந்து போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்பார்கள். சொக்லேற்றுக்குப் பதிலாக இவற்றைச் சொல்லுங்கள்: 622 அளவு ரயருக்கான பிரெஸ்டா ரியூப்கள், ஒரு செயின், அதைப் பூட்டும் கழற்றக்கூடிய கண்ணி, இரண்டு சோடி பிரேக் கட்டை, பின் கியரை ஃபிரேமோடு பிடிக்கும் ஹாங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் ஃபிரேம் உடையாமல் அந்தத் துண்டே வளைந்து கொடுக்கும், அது வளைந்தால் கியர் ஒழுங்காக மாறாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது வேறு வேறு வடிவம், வேறொன்று பொருந்தாது. கழற்றி இரண்டு பக்கமும் படம் எடுத்து, சைக்கிளின் மாதிரிப் பெயரையும் ஆண்டையும் சேர்த்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், அவர்கள் பயணம் புறப்பட ஒரு மாதத்துக்கு முன்பே.